பயாஸ் சொல்வதெல்லாம் உண்மைதானா?

விண்டோஸ் 98 காலத்துக் கம்ப்யூட்டரை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் இந்தக் காட்சி நினைவிருக்கும். ஷட் டவுன் கொடுத்த பிறகு கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்துகள் தோன்றும். இனி கம்ப்யூட்டரைப் பத்திரமாக அணைக்கலாம் என்று அவை சொல்லும். பிறகு நாம்தான் கையை நீட்டி கேபினெட்டில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, கடைசி வேலையை மட்டும் நம் தலையில் கட்டிவிடும்!

இன்றைய கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்துவிடுகின்றன. சாப்ட்வேர் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை வந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால் "நிறுத்து" என்று எப்படிச் சொல்வது? குறிப்பிட்ட ஒரு போர்ட் முகவரியில் குறிப்பிட்ட ஓர் எண்ணை எழுத வேண்டும். அந்த முகவரியும் எண்ணும் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். உலகில் உள்ள அத்தனை மதர்போர்டுகளின் விவரங்களையும் விண்டோஸிலோ லினக்ஸிலோ எழுதி வைக்க முடியுமா? முடியாது. எனவே மதர்போர்டைத் தயாரிப்பவரே அந்த விவரங்களைப் பட்டியல்களாக எழுதி பயாஸில் வைத்துவிடுகிறார். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பயாஸ் அந்தப் பட்டியல்களை மெமரியில் வைக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் அவற்றை எடுத்துப் படித்துக்கொள்கிறது.

மின்விசிறி எப்போது சுற்ற வேண்டும், பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது, பிராசசரில் எத்தனை கோர்கள் உள்ளன, லேப்டாப்பை மூடினால் தூங்க வேண்டுமா என்று எல்லாமே இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் நடக்கிறது. இவற்றை ஏசிபிஐ டேபிள்கள் என்பார்கள். சரி, பட்டியலில் எழுதியிருப்பது தவறாக இருந்தால்? பார்ட்டிஷனைத் தவறாகப் பிரித்தால் டேட்டா போகும். இங்கே தவறு நடந்தால் கெர்னல் தொடக் கூடாத போர்ட்டில் எழுதிவிடும், அல்லது மின்விசிறியைச் சுழற்றாமல் விட்டுவிடும். அதனால்தான் ஒரு நல்ல கெர்னல் இந்தப் பட்டியல்களை அப்படியே நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறது. அது எப்படித் தட்டிப் பார்க்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். லினக்ஸ் கெர்னலின் சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்திருப்பதால் பெரும்பாலும் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

ஏசிபிஐ விதிமுறையின் முதல் பதிப்பை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. பின்னர் ஹெச்பியும் ஃபீனிக்ஸும் சேர்ந்துகொண்டன. 2000-ல் வந்த இரண்டாம் பதிப்பு 64 பிட் கம்ப்யூட்டர்களுக்கு வழி செய்தது. 2013-ல் இந்த விதிமுறையைப் பராமரிக்கும் பொறுப்பு யுஇஎஃப்ஐ அமைப்பிடம் போய்விட்டது.

இதில் ஒரு சுவையான துணுக்கு உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாமும் நம் கூட்டாளிகளும் பாடுபட்டு ஏசிபிஐ வேலைகளைச் செய்ய, கடைசியில் லினக்ஸ் எந்த உழைப்பும் இல்லாமல் அதில் நன்றாக ஓடினால் என்ன ஆவது என்ற கவலை அதில் தெரிந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாப்ட் மீது நடந்த வழக்கில் அந்தக் கடிதம் வெளியே வந்தது. நடந்தது என்னவோ வேறு. லினக்ஸ்காரர்கள் அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த டேபிள்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. அதற்குப் பெரிய காரணம் சதித் திட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விண்டோஸ் பூட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியை பேக் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

டேபிளைத் தேடும் வேட்டை

பட்டியல்கள் மெமரியில் எங்கே இருக்கின்றன என்பது கெர்னலுக்குத் தொடக்கத்தில் தெரியாது. பழைய வகை பயாஸ் உள்ள கம்ப்யூட்டரில் அது கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டும். முதல் 1 எம்பி மெமரியின் கடைசி 128 கேபி பகுதியில் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் ஒரு முறை நின்று பார்க்கும். அப்படிப் பார்க்க வேண்டிய இடங்கள் மொத்தம் 8,192. ஆர், எஸ், டி, ஓர் இடைவெளி, பி, டி, ஆர், மீண்டும் ஓர் இடைவெளி என்று 8 எழுத்துகள் வரிசையாக எங்கே இருக்கின்றனவோ அதுதான் வாசல். பயாஸ் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இன்னொரு சிறு பகுதியின் முதல் 1 கேபியிலும் இதே தேடல் நடக்கும். யுஇஎஃப்ஐ உள்ள புதிய கம்ப்யூட்டர்களில் இந்தச் சிரமம் இல்லை. ஃபர்ம்வேரே முகவரியைக் கையில் கொடுத்துவிடுகிறது.

எட்டு எழுத்து கிடைத்துவிட்டால் போதுமா? வேறு ஏதோ காரணத்தால் அதே எழுத்துகள் அந்த இடத்தில் இருக்கலாமே! அதனால் அங்கே தொடங்கும் முதல் 20 பைட்களையும் கூட்டிப் பார்க்கிறது கெர்னல். இரண்டாம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால் முழு 36 பைட்களையும் தனியாக இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிறது. கூட்டல் சரியாக வந்தால்தான் வாசல் திறக்கும். இந்த இடத்தில் மட்டும் லினக்ஸ் கறாராக இருக்கிறது. கணக்கு உதைத்தால் "இது அது இல்லை" என்று தள்ளிவிட்டு அடுத்த 16 பைட்டுக்குப் போய்விடும்.

கல்லாப்பெட்டிக் கணக்கு

இந்தக் கூட்டல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இதற்குச் செக்சம் என்று பெயர். ஒரு டேபிளில் உள்ள எல்லா பைட்களையும் கூட்டி, அதை 256 ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம் வர வேண்டும். அப்படி வரும்படி ஒரு பைட்டை மட்டும் தயாரிப்பாளர் சரிக்கட்டி வைப்பார். உதாரணமாக ஒரு டேபிளில் 200, 100, 50 என்று மூன்று பைட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 350. செக்சம் பைட்டில் 162 என்று போட்டால் மொத்தம் 512. அது 256-ன் இரு மடங்கு, மீதி பூஜ்யம். கணக்கு நேராகிவிட்டது.

மளிகைக் கடையில் ராத்திரி கடை அடைக்கும்போது பில் தொகையையும் கல்லாவில் உள்ள பணத்தையும் ஒப்பிடுவார்களே, அது மாதிரிதான் இது. தொகை இடித்தால் எங்கோ தவறு என்று தெரியும். எங்கே என்று தெரியாது. தொகை சரியாக இருந்தாலும் தவறே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு 10 ரூபாய் கூடுதலாகவும் இன்னொருவருக்கு 10 ரூபாய் குறைவாகவும் கொடுத்திருந்தால் கல்லாக் கணக்கு சரியாகத்தானே இருக்கும்? மேலே சொன்ன 200-ம் 100-ம் இடம் மாறிவிட்டாலும் செக்சத்துக்கு அது தெரியவே தெரியாது. ஏதோ ஒரு குப்பை டேட்டா தற்செயலாகச் செக்சத்தில் தேறிவிடும் வாய்ப்பும் 256-ல் ஒன்று இருக்கிறது.

டேபிள்களில் ஒன்றுக்கு இந்தச் செக்சமும் கிடையாது. கம்ப்யூட்டர் தூங்கி விழிக்கும்போது எங்கிருந்து தொடர வேண்டும் என்று குறித்து வைக்கும் எஃப்ஏசிஎஸ் என்ற டேபிள்தான் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டிங் சிஸ்டமும் ஃபர்ம்வேரும் அதில் எழுதுவதால் அப்படி விட்டுவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் போல இதையும் சோதித்தால் தினம் தினம் பொய்யான எச்சரிக்கைதான் வரும்.

நீளத்தை அளந்த பிறகே கூட்டல்

வாசலைத் தாண்டினால் ஒரு பொருளடக்கம் மாதிரியான டேபிள் இருக்கும். மற்ற டேபிள்களின் முகவரிகள் அதில் வரிசையாக இருக்கும். 32 பிட் முகவரிகள் கொண்டது ஆர்எஸ்டிடி. 64 பிட் முகவரிகள் கொண்டது எக்ஸ்எஸ்டிடி. ஏறக்குறைய எல்லா டேபிள்களுமே 36 பைட் கொண்ட ஒரே மாதிரியான தலைப்பகுதியோடு தொடங்குகின்றன. அதில் நான்கு எழுத்துப் பெயர், டேபிளின் மொத்த நீளம், பதிப்பு எண், செக்சம், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை இருக்கும்.

இங்கே சோதனையின் வரிசை முக்கியம். செக்சம் பார்க்க எத்தனை பைட்களைக் கூட்ட வேண்டும்? நீளம் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் அந்த நீளத்தைச் சொல்வது யார்? அதே டேபிள்தான்! தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்கிறது. நீளம் என்ற இடத்தில் குப்பை விழுந்து அது 400 கோடி என்று சொன்னால், கெர்னல் 4 ஜிபி மெமரியைக் கூட்டப் புறப்பட்டு, இல்லாத இடத்தைத் தொட்டு, அங்கேயே கவிழ்ந்துவிடும். ஆகவே முதலில் 36 பைட்டை மட்டும் மெமரியில் திறந்து படிக்க வேண்டும். நீளம் 36-க்குக் குறைவாக இருந்தால் அது டேபிளே இல்லை. நீளம் நியாயமாக இருந்தால் மட்டும் முழு டேபிளையும் திறந்து கூட்டிப் பார்க்க வேண்டும். பொருளடக்கத்தில் முகவரி என்ற இடத்தில் வெறும் பூஜ்யம் இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போக வேண்டும். இதெல்லாம் அற்பமான விஷயங்களாகத் தெரியும். ஆனால் இந்தச் சோதனைகளில் ஒவ்வொன்றும் எங்கோ யாருடைய கம்ப்யூட்டரோ பூட் ஆகாமல் நின்ற பிறகு சேர்க்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

உட்பிரிவுகள் கொண்ட டேபிள்களில் இன்னொரு வகைத் தொல்லை உண்டு. பிராசசர்களைப் பட்டியலிடும் எம்ஏடிடி டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 44 பைட்டுக்குப் பிறகு சின்னச் சின்னப் பதிவுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் "நான் இந்த வகை, என் நீளம் இவ்வளவு" என்று இரண்டு பைட்டில் சொல்லிக்கொண்டு தொடங்கும். ஒரு பிராசசர் பதிவுக்கு 8 பைட். கெர்னல் ஒரு பதிவைப் படித்துவிட்டு அதன் நீளம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப் போய் அடுத்ததைப் படிக்கும். நீளம் பூஜ்யம் என்று இருந்தால்? அதே இடத்திலேயே நின்று அதே பதிவை உலகம் உள்ளவரை படித்துக்கொண்டிருக்கும். திரையில் ஒன்றும் வராது, கீபோர்டும் வேலை செய்யாது, காரணமும் தெரியாது. ஆகவே பூஜ்ய நீளம் கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஒரு எச்சரிக்கையை எழுதிவிடுகிறது லினக்ஸ். அதே போல 8 பைட் இருக்க வேண்டிய பதிவு 4 என்று சொன்னாலும், ஒரு பதிவின் முடிவு டேபிளின் முடிவைத் தாண்டிப் போனாலும் அந்தப் பதிவு செல்லாது.

சில கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு எம்ஏடிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்த கதையும் உண்டு. எது உண்மை? கெர்னலுக்கு எப்படித் தெரியும்! முதலாவதை எடுத்துக்கொண்டு, இரண்டாவதுதான் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு பூட் ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு சரி, விஷயம் தவறு

இதுவரை பார்த்தது பட்டியல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்ற சோதனை. எழுதியிருக்கும் விஷயம் அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது வேறு சோதனை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிராசசர் எந்த வெப்பநிலையைத் தொட்டால் கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிட வேண்டும் என்று ஃபர்ம்வேர் சொல்லும். இதைக் கெல்வினில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சொல்ல வேண்டும். 100 டிகிரி செல்சியஸ் என்றால் 3732. சில பயாஸ்கள் இந்த இடத்தில் மிகக் குறைந்த எண்ணைக் கொடுத்தன. கெர்னல் அதை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? அறை வெப்பமே "ஆபத்தான வெப்பம்" ஆகிவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆன மறு விநாடியே அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் மறுபடி அணையும். வீட்டில் இருப்பவர் பவர் சப்ளையை மாற்றுவார், ரேமை மாற்றுவார், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பார்ப்பார். எல்லாமே வீண். லினக்ஸ் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறது. 2732 அல்லது அதற்குக் கீழே, அதாவது தண்ணீர் உறையும் வெப்பநிலையோ அதற்கும் குறைவோ ஆபத்து எல்லையாக வந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடு. "ஃபர்ம்வேர் பக்" என்று குறித்துவிட்டு வேலையைப் பார். ஒரே ஒரு ஒப்பீடு, எத்தனை வீட்டு ரேம்களைக் காப்பாற்றியதோ!

இன்னொன்று. ஹெச்பெட் எனப்படும் நேரம் காட்டும் கருவியின் முகவரி. சில பயாஸ்கள் அது பூஜ்யம் என்ற முகவரியில் இருப்பதாகச் சொல்லின. வேறு சில, சரியான முகவரியை எழுதிவிட்டு அதன் பின்னால் 8 பூஜ்யங்களைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டன. 32 பிட் எண்ணை 64 பிட் கட்டத்தில் தவறான பாதியில் நிரப்பியதன் விளைவு அது. செக்ஸில் ரூபாய் எழுதும்போது பூஜ்யம் சேர்ந்துவிட்டால் வங்கி திருப்பி அனுப்புவது போல லினக்ஸும் இதைத் திருப்புகிறது. ஆனால் இது எப்படி வந்த தவறு என்று அதற்குப் புரிந்திருப்பதால், நீங்கள் பூட் ஆப்ஷன் கொடுத்தால் தானே திருத்திக்கொள்ளவும் தயாராக இருக்கிறது.

எஃப்ஏடிடி என்ற டேபிள் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் 116 பைட், பிறகு 244, பிறகு 268, இப்போது 276. பழைய 32 பிட் முகவரிக்கும் புதிய 64 பிட் முகவரிக்கும் இதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இரண்டும் ஒரே போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். ஆனால் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அவை இரண்டு வேறு போர்ட்களைக் காட்டுகின்றன! கட்டுரைத் தொடக்கத்தில் பார்த்த "நிறுத்து" முகவரி இருப்பது இதே டேபிளில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே எழுத வேண்டிய எண் டிஎஸ்டிடி என்ற இன்னொரு டேபிளில் இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால்தான் உங்கள் கம்ப்யூட்டர் அணையும். லினக்ஸ் எஃப்ஏடிடியைத் தனக்கென ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதிக நீளத்தை வெட்டி, இல்லாத கட்டங்களில் பூஜ்யம் நிரப்பி, முகவரிகள் முரண்பட்டால் எதை எடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்கிறது.

ஒரு டேபிளை இன்னொன்றோடு ஒத்துப் பார்ப்பதும் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளின் அமைப்பைப் படிக்க மெமரியில் எந்தப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எம்சிஎஃப்ஜி டேபிள் சொல்லும். உண்மையிலேயே அந்தப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பயாஸ் தந்த மெமரி வரைபடத்தைப் பார்க்கிறது கெர்னல். அங்கே இல்லை என்றால் அந்த டேபிள் கிடப்பில் போகலாம். விஏஓ ஒன்று சொல்லி தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் வேறொன்று இருந்தால் பட்டா கிடைக்காது அல்லவா, அப்படித்தான்.

டேபிளுக்குள் ஒரு புரோகிராம்

டிஎஸ்டிடி, எஸ்எஸ்டிடி என்ற இரண்டு வகை டேபிள்கள் மற்றவற்றைப் போல வெறும் எண்கள் அல்ல. அவற்றுக்குள் ஏஎம்எல் என்ற மொழியில் எழுதிய புரோகிராமே இருக்கிறது. கெர்னலுக்குள் உள்ள ஓர் இன்டர்ப்ரெட்டர் அதை ஓட்டுகிறது. எல்லா அதிகாரமும் உள்ள கெர்னலுக்குள், யாரோ ஒரு தயாரிப்பாளர் எழுதிய புரோகிராம்! இதை எப்படிச் சோதிப்பது?

முழுதாகச் சோதிக்க முடியாது என்பதுதான் உண்மை. ஓட்டிப் பார்த்துக்கொண்டே கண்காணிக்கத்தான் முடியும். முடிவில்லாமல் சுற்றும் லூப் ஒன்று இருந்தால் முன்பெல்லாம் 65,535 சுற்றுக்குப் பிறகு நிறுத்தினார்கள். இப்போது 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். பேட்டரி விவரம் கேட்டால் 13 தகவல்கள் கொண்ட தொகுப்பு வர வேண்டும் என்பது விதி. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், முடிந்தவரை கெர்னலே அதைப் பழுது பார்த்து மேலே கொடுக்கிறது. உங்கள் திரையின் மூலையில் தெரியும் பேட்டரி சதவீதத்துக்குப் பின்னால் இப்படியொரு ஒட்டுப்போடும் வேலை நடக்கலாம்.

இந்தப் புரோகிராம்கள் சில சமயம் "நீ எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்?" என்று கேட்கும். பதிலைப் பொறுத்து வேறு வேறு வழியில் போகும். லினக்ஸ் என்ன பதில் சொல்கிறது தெரியுமா? விண்டோஸ் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் "ஆமாம்" என்கிறது! நீ லினக்ஸா என்று நேராகக் கேட்டால் 2007-ல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து "இல்லை" என்றுதான் சொல்கிறது. காரணம் எளிது. தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்தது விண்டோஸ் வழியை மட்டும்தான். லினக்ஸுக்கென்று எழுதிய வழி யாரும் நடக்காத ஒற்றையடிப் பாதை, முள் இருக்கும்.

லோகோவுக்காக மதர்போர்டா?

என் கல்லூரி நண்பன் ஒருவன் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி லினக்ஸ் போட்டான். ஆன் செய்யும்போதெல்லாம் "பயாஸ் வார்னிங், டேபிளில் செக்சம் தவறு" என்று ஒரு வரி வந்து போனது. சர்வீஸ் செய்பவரிடம் காட்டினான். மதர்போர்டு போகப் போகிறது, 9,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். அவன் எனக்கு அந்த வரியை போட்டோ எடுத்து அனுப்பினான். டேபிளின் பெயர் பிஜிஆர்டி. அது வேறு ஒன்றும் இல்லை, ஆன் செய்ததும் திரையில் தெரியும் கம்பெனி லோகோ மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் டேபிள்! செக்சம் போட்ட பிறகு ஃபர்ம்வேர் அந்த டேபிளில் ஏதோ ஒரு பைட்டை மாற்றிவிட்டால் இப்படித்தான் வரும். பலருடைய கம்ப்யூட்டர்களில் இதே வரியைப் பார்க்கலாம். 9,000 ரூபாய் அவன் பையிலேயே இருக்கிறது, லேப்டாப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த லோகோ டேபிளைக்கூட கெர்னல் சும்மா விடுவதில்லை என்பது வேடிக்கை. பதிப்பு எண் 1 தானா, படத்தின் முகவரி பூஜ்யமா, படம் பி, எம் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்குகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்கிறது.

கவனித்தீர்களா, செக்சம் தவறு என்று தெரிந்தும் லினக்ஸ் அந்த டேபிளைத் தூக்கி எறியவில்லை. எச்சரித்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்கிறது. இது சரியா? விதிப்படி பார்த்தால் தவறுதான். ஆனால் செக்சம் இடிக்கும் ஒவ்வொரு டேபிளையும் ஒதுக்கினால் எத்தனையோ நல்ல கம்ப்யூட்டர்கள் பூட் ஆகாது. கம்ப்யூட்டரை வாங்கியவர் பயாஸ் எழுதியவரைத் திட்ட மாட்டார், "விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் ஓடவில்லை" என்பார். விண்டோஸும் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலில் மாட்டியதுதான். எக்ஸ்பி இன்ஸ்டால் செய்யும்போது எஃப்7 கீயைத் தட்டினால் ஏசிபிஐ இல்லாமலே இன்ஸ்டால் ஆகும். பயாஸ் சரியில்லை என்றால் ஏ5 என்ற எண்ணோடு நீலத் திரை வரும். என் கருத்தைக் கேட்டால், செக்சம் இடித்த டேபிளை எச்சரிக்கையோடு ஏற்கலாம். நீளம், முகவரி ஆகியவற்றில் மட்டும் ஒரு பைட் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது சந்தேகம், இரண்டாவது விபத்து.

வேண்டுமென்றே பொய் சொன்னால்?

இதுவரை பார்த்தவை கவனக்குறைவால் வரும் தவறுகள். வேண்டுமென்றே டேபிளை மாற்றினால்? செக்சம் இங்கே எதற்கும் உதவாது. மாற்றியவரே புதிய செக்சமும் போட்டுவிடுவார். ஏஎம்எல் புரோகிராமுக்குள் தீய நிரல் ஒன்றை ஒளித்து வைக்க முடியும் என்று 2006-ல் பிளாக் ஹாட் மாநாட்டில் ஜான் ஹீஸ்மேன் விளக்கிக் காட்டினார். ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அது டிஸ்கிலேயே இல்லை.

லினக்ஸில் செக்யூர் பூட் இருக்கும்போது, ரூட் பயனரும் கெர்னலைத் தொட முடியாதபடி லாக்டவுன் என்ற ஒரு பூட்டு உண்டு. 2020-ல், வயர்கார்டு மென்பொருளை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட், புதிதாக ஒரு எஸ்எஸ்டிடி டேபிளை உள்ளே செலுத்தி அதன் ஏஎம்எல் புரோகிராம் மூலமாகவே அந்தப் பூட்டைத் திறந்து காட்டினார். வழி அடைக்கப்பட்டது. 2021-ல் கிரப் பூட்லோடர் வழியாகவும் இதே வேலையைச் செய்யலாம் என்று தெரிந்து அதையும் அடைத்தார்கள். டேபிளைப் படிக்கும்போது கவனமாக இருந்தவர்கள், டேபிள் எந்த வழியாக வந்தது என்று பார்க்கவில்லை.

விண்டோஸ் பக்கமும் ஒரு கதை. விண்டோஸ் 8 முதல் டபிள்யூபிபிடி என்ற டேபிள் மூலம் ஃபர்ம்வேரே ஒரு புரோகிராமை விண்டோஸிடம் கொடுத்து ஓட்டச் சொல்ல முடியும். 2015-ல் லெனோவாவின் சில லேப்டாப்களில் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்த பிறகும் கம்பெனி மென்பொருள் தானாக வந்து உட்கார்ந்தது இந்த வழியில்தான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதை நீக்கும் வசதியை லெனோவா கொடுத்தது. இப்படி வரும் புரோகிராமில் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காலாவதியான, ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களையும் விண்டோஸ் ஏற்றுக்கொள்கிறது என்று 2021-ல் எக்லிப்சியம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க

உங்களிடம் விண்டோஸ் மட்டும் இருந்தாலும் கவலை இல்லை. உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே பூட் செய்யுங்கள். டெர்மினலைத் திறந்து எஸ், யு, டி, ஓ என்று சிறிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்று அடித்து என்டர் கீயைத் தட்டுங்கள். கெர்னல் பூட் ஆனபோது எழுதிய அத்தனை வரிகளும் ஓடும். அதில் ஏசிபிஐ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள டேபிள்களின் பெயர், நீளம், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். "ஃபர்ம்வேர் பக்", "பயாஸ் வார்னிங்" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். ஒன்றிரண்டாவது அகப்படும். ஒன்றுமே இல்லை என்றால் நல்ல கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள்!

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புபவர்கள் ஐஏஎஸ்எல் என்ற இலவச கருவியைக் கொண்டு டிஎஸ்டிடியைப் படிக்கத்தக்க வடிவில் மாற்றிப் பார்க்கலாம். உபுண்டுவைத் தரும் கனோனிக்கல் நிறுவனத்தின் எஃப்டபிள்யூடிஎஸ் என்ற மென்பொருள் ஏராளமான சோதனைகளைத் தானே நடத்தி அறிக்கை கொடுக்கும். அதில் "ஃபெயில்" என்று வருவதை எல்லாம் பார்த்துப் பதற வேண்டாம். பாதிக்கு மேல் லோகோ டேபிள் ரகம்தான்.

கவனிக்க வேண்டியவை வேறு. வெப்பநிலை, மின்விசிறி பற்றிய வரிகள், ஐஓஎம்எம்யு பற்றி "உங்கள் பயாஸ் பழுதாகியிருக்கிறது" என்று கெர்னல் நேரடியாகவே சொல்லும் வரி, தூங்கப் போன லேப்டாப் விழிக்காமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தால் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். எரிச்சலில் ஏசிபிஐயை முழுவதுமாக ஆஃப் செய்யும் பூட் ஆப்ஷனைக் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி அளவும் போகும், மின்விசிறிக் கட்டுப்பாடும் போகலாம். பயாஸை அப்டேட் செய்வதாக இருந்தால் மாடல் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் போட்டு, லேப்டாப் என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது சார்ஜரையும் செருகிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் மின்சாரம் போனால் தவறான டேபிள்கூட மிஞ்சாது.